விடியும்வரை உட்கார ஒரு பாய்: முதன்முறை ஸ்பெஷல் நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்கு

மதுரைக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து சேர்ந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "இந்தப் பக்கம் தெருக்கூத்து எங்கே பார்க்கலாம்?" என்பதுதான். தெருக்கூத்து பார்க்க வேண்டுமென்றால் வடக்கே போக வேண்டும். திருவண்ணாமலை, காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் நாட்களில் அது நடக்கும். மதுரையிலும் சுற்றியிருக்கும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், நத்தம், சிவகங்கைச் சீமைக் கிராமங்களிலும் திருவிழா இரவை ஆள்வது ஸ்பெஷல் நாடகம். இரண்டும் விடிய விடிய நடப்பவை, இரண்டும் கோயிலோடு சேர்ந்தவை. அதோடு ஒற்றுமை முடிந்துவிடுகிறது. அங்கே முகவீணை என்ற சிறு குழலும், அடவு என்ற ஆட்ட அசைவும், கதையை நடத்திச் செல்லும் கட்டியங்காரனும். இங்கே ஹார்மோனியமும் படம் எழுதிய திரைச்சீலையும் பபூன் என்ற கோமாளியும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பேச்சும். இந்த வேறுபாடு தெரியாமல் போனால், இல்லாததைத் தேடிக்கொண்டு இருப்பதைத் தவறவிட்டுவிடுவீர்கள். நான் அப்படித் தவறவிட்டவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அதென்ன ஸ்பெஷல்?

போவதற்கு முன்னால் இது ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மேடையில் அன்று இரவு நீங்கள் பார்க்கும் நடிகர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் இல்லை. நாயகனாக நடிக்கும் ராஜபார்ட் மதுரைக்காரராக இருப்பார், நாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் திண்டுக்கல்லில் இருந்து வந்திருப்பார், ஹார்மோனியக்காரர் புதுக்கோட்டையாக இருப்பார், பபூன் வேறு எங்கிருந்தோ பஸ் பிடித்து வந்திருப்பார். ஒவ்வொருவரையும் ஊர்க்காரர்கள் தனித்தனியாகப் பேசி, தனித்தனியாக அட்வான்ஸ் கொடுத்து அழைத்திருப்பார்கள். அப்படித் தனியாக அமர்த்துவதால்தான் ஸ்பெஷல் என்ற பெயர். ஒத்திகை கிடையாது. இயக்குநர் கிடையாது. சில நேரம் வள்ளியும் முருகனும் அன்று இரவு ஒப்பனைக் கொட்டகையில்தான் முதன்முதலாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம் எப்படி எட்டு மணி நேரம் நாடகம் நடக்கிறது? எல்லோருக்கும் பாடம் ஒன்றுதான். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிக்கொடுத்த பாட்டும் வசனமும் இந்தப் பகுதி நடிகர்களுக்குப் பொதுச் சொத்து. அவர் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களுக்கு நாடகம் கற்றுக்கொடுத்தார். பின்னாளில் பெயர்பெற்ற நாடக நடிகர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். அந்தப் பாடம் வாய்க்கு வாய் மாறி வந்து இன்றும் நிற்கிறது. நடிகர் சங்கங்களில் ஆண்டுதோறும் அவருக்குக் குருபூஜை நடக்கிறது. பாடம் தெரிந்தவர்கள் எங்கே சந்தித்தாலும் நாடகம் தொடங்கிவிடலாம். ஆனால் பாடத்தை விட்டு எப்போது விலகுவது, எதிராளி விலகினால் எப்படிப் பதில் சொல்வது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லித்தராது. இந்தக் கலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

நாடகம் எங்கே, எப்போது?

மார்கழி கழிந்து தை பிறந்ததும் தேதிகள் தொடங்கும். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி நெருக்கமான மாதங்கள். ஆடிவரைக்கும் நாடகம் கிடைக்கும். செய்தித்தாளில் விளம்பரம் தேடாதீர்கள். பஸ் நிறுத்தத்துச் சுவர், டீக்கடைத் தட்டி, கோயில் வாசல், இங்கெல்லாம் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்தான் உங்களுக்கு வழிகாட்டி. மதுரையில் இருக்கும் தமிழ்நாடு நாடக நடிகர் சங்கத்தில் மரியாதையாகக் கேட்டாலும் எந்த ஊரில் என்றைக்கு நாடகம் என்று சொல்வார்கள். இன்னும் எளிய வழி, உங்கள் அலுவலகத்திலோ விடுதியிலோ கிராமத்திலிருந்து வருகிறவர்களைக் கேட்பது. "எங்கள் ஊரில் சாமி கும்பிடு, வாருங்கள்" என்று அழைக்காத மதுரைக்காரரை நான் பார்த்ததில்லை. அப்படி ஒருவரோடு போவது, தனியாகப் போவதைவிட நூறு மடங்கு நல்லது.

நோட்டீஸைப் படிக்கப் பழகுங்கள். மேலே கோயில் பெயர், நாள், பிறகு நாடகத்தின் பெயர், கீழே நடிகர்களின் படமும் பெயரும் பார்ட்டும். ராஜபார்ட் என்றால் நாயகன், ஸ்திரீபார்ட் என்றால் நாயகி, அடுத்து நாரதர், பபூன் காமிக், டான்ஸ் காமிக். பின்னணியில் ஹார்மோனியம், மிருதங்கம், பலவகை வாத்தியம் வாசிக்கும் ஆல்ரவுண்டு என்று வாத்தியக்காரர்கள். புதிதாக வருகிறவர்கள் நடிகர் படத்தை மட்டும் பார்ப்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் முதலில் பார்ப்பது ஹார்மோனியம் யார் என்பதைத்தான். முன்பின் சேர்ந்து நடிக்காத ஆட்களை ஓர் இரவு முழுவதும் சேர்த்துப் பிடித்திருப்பது அந்தப் பெட்டி.

முதல் தடவைக்கு எந்த நாடகம் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: வள்ளி திருமணம். கதை எல்லோருக்கும் தெரிந்தது, தர்க்கம், அதாவது மேடையில் கேள்வியும் பதிலுமாக நடக்கும் வாதம், மிகுந்தது, முடிவு மங்கலமானது. பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி எல்லாம் அடுத்தடுத்து வரட்டும். அரிச்சந்திர மயான காண்டத்தை மட்டும் கொஞ்சம் பழகிய பிறகு பாருங்கள். மகன் பிணத்தோடு சந்திரமதி மயானத்துக்கு வரும் அந்தப் பின்னிரவின் கனம், கூட வந்தவர்கள் தூங்கிவிட்டால் தனியாகத் தாங்க முடியாதது.

போக்குவரத்தும் கையில் கொண்டுபோவதும்

மேலூர், நத்தம், சிவகங்கைப் பக்கம் என்றால் மாட்டுத்தாவணி. உசிலம்பட்டி, தேனி வழி என்றால் ஆரப்பாளையம். கிராமத்துக்குள் போகும் டவுன் பஸ் இரவில் சீக்கிரமே நின்றுவிடும். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குள் போய்விடுங்கள். திரும்புவது காலையில் முதல் பஸ்ஸில்தான். நடுவில் கிளம்பலாம் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள்.

ஒலிபெருக்கியை இரவு 10 முதல் காலை 6 வரை வைக்கக் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. காவல் நிலையத்தில் அனுமதி வாங்குவதற்கு ஊர்க்காரர்கள் படும் பாடு பெரிது. ஆகவே நாடகம் விடியும்வரை நடக்குமா, முன்னதாக முடித்துவிடுவார்களா என்று அன்று மாலையே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு கோரைப்பாய், ஒரு போர்வை, தண்ணீர், கொஞ்சம் சில்லறை. இவ்வளவு போதும். மாசியில் பின்னிரவுப் பனி காதுக்குள் இறங்கும், ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலி கேட்காதீர்கள். கேட்டால் எப்படியாவது கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். அதில் உட்கார்ந்தால் பின்னால் இருக்கும் பத்துப் பேருக்கு மேடை மறையும். டிக்கெட் கிடையாது. ஊரில் வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி போட்டு, அதிலிருந்துதான் நடிகர்களுக்குக் கொடுக்கிறார்கள். நீங்கள் அவர்கள் பணத்தில் நாடகம் பார்க்கும் விருந்தாளி. போனதும் கோயிலில் சாமி கும்பிட்டு, உண்டியலில் உங்களால் ஆனதைப் போடுங்கள்.

எங்கே உட்காருவது

பல ஊர்களில் மேடை கோயிலைப் பார்த்தபடி இருக்கும், சாமியும் நாடகம் பார்க்க வேண்டும் என்பதற்காக. இடையில் நேர்க்கோட்டில் நின்றுகொண்டு மறைக்கக் கூடாது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், மேடையை ஒட்டிக் குழந்தைகள். குடும்பமாகப் போனாலும் ஊர் வழக்கப்படி பிரிந்து உட்காருங்கள். என் அனுபவத்தில் நல்ல இடம் வயதான பெண்களுக்குப் பக்கத்தில் இருக்கும் இடம்தான். நான் ஆண்கள் பக்கத்து ஓரத்தில், நடுவில் ஒரு கயிறு மட்டும் இருக்கும்படி உட்காருவேன். ஐம்பது ஆண்டுகளாக வள்ளி திருமணம் பார்த்த அப்பத்தாக்கள் அந்தப் பக்கம் இருப்பார்கள். எந்தப் பாட்டைச் சுருக்கினார்கள், எந்தக் கேள்வி புதிது என்பதெல்லாம் அவர்கள் முனகலிலேயே தெரிந்துவிடும். ஒருமுறை பாட்டு நடுவே படம் எடுக்க எழுந்து நின்றேன். "தம்பி, உட்கார்ந்து காதால் பாருங்கள்" என்று ஒரு அம்மா சொன்னார். அதன் பிறகு நான் எழுந்து நின்றதில்லை.

இரவு நகரும் விதம்

பத்து மணி வாக்கில் ஹார்மோனியம் எழும்பும். கடவுள் வாழ்த்து. அடுத்து பபூன் தனியாக வந்து பாடி, பேசி, ஊரை நலம் விசாரித்து, கூட்டத்தைத் தன் கைக்குள் கொண்டுவருவார். பிறகு டான்ஸ் நடிகை. இருவருக்கும் சண்டை, சமாதானம், போட்டிப் பாட்டு. இந்தப் பகுதி ஏறக்குறைய நள்ளிரவுவரை போகும். இதில் இரட்டை அர்த்தப் பேச்சு இருக்கும், அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. சில இரவுகளில் அளவு மீறியும் போகும். எனக்கு அது பிடிப்பதில்லை. ஆனால் அதே பபூன் அதே மேடையில் குடிப்பழக்கத்தையும் வரதட்சணையையும் ஊர்க்காரர் முகத்துக்கு நேராகக் கேட்டு, கூட்டம் தலைகுனிந்து சிரித்ததையும் பார்த்திருக்கிறேன்.

இங்கேதான் நான் என் முதல் நாடகத்தைத் தவறவிட்டேன். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். பபூன் – டான்ஸ் பகுதிதான் நாடகம் என்று நினைத்து, பன்னிரண்டரை மணிக்கு நண்பனின் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டேன். மறுநாள் அதே ஊர்க்காரர் ஒருவரை டீக்கடையில் பார்த்தபோது, "வள்ளியும் நாரதரும் இரண்டு மணி நேரம் விடவில்லை, அப்படி ஒரு தர்க்கம் கேட்டுப் பத்து வருஷம் இருக்கும்" என்றார். அந்த வள்ளியை அதன் பிறகு தேடித் தேடி மூன்று ஊர்களில் பார்த்தேன். அந்த இரவு திரும்பக் கிடைக்கவில்லை. ஒத்திகை இல்லாத நாடகத்தில் அந்த இரவு அந்த இரவுதான்.

நள்ளிரவுக்குப் பிறகு காடு எழுதிய திரைச்சீலை இறங்கும். நம்பிராஜன் மகள் வள்ளி தினைப்புனம் காக்கிறாள். ஆலோலம் பாடிப் பறவை விரட்டுகிறாள். அந்தப் பறவை விரட்டும் பாட்டுக்கு இந்த மண்ணில் ஒரு வரலாறு உண்டு. திருமங்கலத்தில் வாழ்ந்த நாடக நடிகர் விஸ்வநாததாஸ் (1886–1940) சுதந்திரப் போராட்டக் காலத்தில் வள்ளி திருமண மேடையில் வெள்ளைக் கொக்கை விரட்டும் பாட்டைப் பாடினார். எந்தக் கொக்கு என்று கூட்டத்துக்கும் தெரியும், கீழே நின்ற போலீஸுக்கும் தெரியும். பலமுறை சிறை போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. திருமங்கலத்தில் அவருக்கு நினைவில்லம் இருக்கிறது. நாடகம் பார்க்கப் போகும் வழியில் பகலில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள். பிறகு இரவில் வள்ளி கவண் சுழற்றி ஆலோலம் பாடும்போது காதில் வேறு விதமாக விழும்.

அடுத்து நாரதர் வருவார். இனிமேல் தூங்காதீர்கள்.

தர்க்கத்தை எப்படிக் கேட்பது என்பதற்கு நான் பார்த்த ஒரு துண்டைச் சொல்கிறேன். வாடிப்பட்டிப் பக்கம், மணி ஒன்றே முக்கால் இருக்கும். வள்ளியைப் பார்த்து நாரதர், "தனியாக நிற்கிறாயே பெண்ணே, பயமில்லையா?" என்று கேட்டார். பாடத்தில் இருக்கும் பதிலைச் சொல்லாமல் அந்த அம்மா சற்று நின்றார். "தனியாக நிற்கிற பெண்ணிடம் பயமில்லையா என்று கேட்பவரைப் பார்த்தால்தான் சாமி பயமாக இருக்கிறது" என்றார். மிருதங்கக்காரர் கையை எடுத்துவிட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது, சிரிப்பும் ஆமோதிப்பும் கலந்தது. நாரதர் அனுபவசாலி. சிரித்துவிட்டு, தம்பூராவைத் தோளில் மாற்றிக்கொண்டு, "பயம் என்பது நல்லது, பக்திக்கு அதுதானே முதல் படி" என்று பிடித்து, அங்கிருந்து தாளமில்லாமல் பாடும் ஒரு விருத்தத்துக்குள் போனார். ஹார்மோனியக்காரர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்து, முதல் எழுத்து வரும்போதே சுருதியைக் கையில் கொடுத்தார். இந்த மூன்றையும் கவனியுங்கள்: கேள்வி பாடத்திலிருந்து எங்கே விலகியது, பதில் எவ்வளவு நேரத்தில் வந்தது, வாத்தியம் எங்கே நின்று எங்கே சேர்ந்தது. யார் ஜெயித்தார்கள் என்பது அவ்வளவு முக்கியமில்லை. பந்து கீழே விழாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

குரலையும் கவனியுங்கள். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை போக வேண்டியிருந்த குரல் மரபு இது. அந்தக் காலத்துப் பாடகர்-நடிகர்களான எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தரம்பாளும் ஸ்பெஷல் நாடக மேடையில் பெயர் வாங்கியது அந்த உச்ச சுருதிக் குரலால்தான். இன்றைக்கு மைக் வாய்க்கு முன்னால் தொங்குகிறது, இருந்தும் நல்ல நடிகர்கள் ஒரு விருத்தத்தின் உச்சியில் மைக்கை விட்டு இரண்டடி பின்னால் போவார்கள்.

மூன்று மணிக்கு மேல் ராஜபார்ட். முருகன் வேடனாக வந்து, தப்பிய மானைப் பார்த்தாயா என்று கேட்பார். பிறகு கிழவனாக வருவார், வள்ளியைப் பயமுறுத்த விநாயகர் யானையாக வருவார். மதுரைக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்தம் இருக்கிறது. திருப்பரங்குன்றத்தில் பங்குனியில் தெய்வானை கல்யாணம் பார்த்தவர்கள், இங்கே வள்ளி கல்யாணம் பார்க்கிறார்கள். அழகர்மலைப் பழமுதிர்சோலையோ கூப்பிடு தூரத்தில். பெண் வீட்டாரும் தாங்களே, மாப்பிள்ளை வீட்டாரும் தாங்களே என்று உட்கார்ந்திருக்கும் கூட்டம் அது.

மேடைக்கு வெளியே நடந்துகொள்வது

நாடகம் நடுவே ஊர்க்காரர்கள் மேடையேறி நடிகருக்கு ரூபாய் நோட்டைக் குத்துவார்கள், மைக்கில் "அன்பளிப்பு" என்று பெயர் வாசிப்பார்கள். நீங்களும் கொடுக்கலாம். ஆனால் மேடையேறாமல், விழாக் குழுவினர் கையில் கொடுத்து, யாருக்கு என்று சொல்லுங்கள். வாத்தியக்காரர்களை மறக்காதீர்கள். எட்டு மணி நேரம் இடத்தைவிட்டு நகராதவர்கள் அவர்கள்தான்.

செல்போன் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். டான்ஸ் பகுதியில் இரண்டு நிமிடத்தை வெட்டி இணையத்தில் போடுகிறார்கள். கீழே வரும் பேச்சுகளைப் படிக்க முடியாது. அந்தப் பெண்ணுக்கு வீடு இருக்கிறது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் அன்றிரவு மூன்று மணிக்குப் பாடிய விருத்தத்தை யாரும் போடுவதில்லை. படம் எடுக்க வேண்டுமானால் அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். 'கூத்தாடி' என்ற சொல்லை இந்த ஊர்களில் வசவாகப் பயன்படுத்தி அவர்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள். நாடக நடிகர் என்று சொல்லுங்கள், ஐயா, அம்மா என்று கூப்பிடுங்கள். ஒப்பனைக் கொட்டகைக்குள் அனுமதி இல்லாமல் எட்டிப் பார்க்காதீர்கள். அது ஒரு தட்டியும் ஒரு குண்டு பல்பும்தான் என்றாலும் அவர்கள் வீடு.

முழு இரவு உட்கார முடியாதவர்களுக்கு இந்தப் பக்கம் வேறு வழிகளும் உண்டு. பகலில் சாமி ஊர்வலத்தோடு வரும் நையாண்டி மேளமும் கரகாட்டமும், ஒயிலாட்டமும், சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் வழியில் கருப்பணசாமி வேடம் கட்டி ஆடிவருகிறவர்களும். நையாண்டி மேளத்தில் நாகசுரம், தவில், பம்பை, உறுமி எல்லாம் சேரும்போது முன்னால் நிற்காமல் உறுமிக்குப் பக்கவாட்டில் நின்று கேட்டுப் பாருங்கள். இவை தனிக் கட்டுரைக்குரியவை.

விடிந்த பிறகு

கிழக்கு வெளுக்கும்போது மாலை மாற்றுவார்கள். தூங்கிக் கிடந்த குழந்தைகளை அம்மாக்கள் தட்டி எழுப்பி, கல்யாணத்தைப் பார்க்கச் சொல்வார்கள். மங்களம் பாடியதும் கூட்டம் கலையும் வேகம் உங்களுக்கு வியப்பாக இருக்கும், பால் கறக்க வேண்டுமே. உங்கள் பாயைச் சுருட்டுங்கள், பக்கத்தில் கிடக்கும் பேப்பர் கப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நடிகர்கள் தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் முகத்தைத் துடைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஏறும் அதே முதல் பஸ்ஸில் ஏறுவார்கள். வள்ளி உங்களுக்கு முன் சீட்டில் இருப்பார். காதோரத்தில் ரோஸ் பவுடர் கொஞ்சம் ஒட்டியிருக்கும். பேச ஆசையாக இருக்கும். ஒரு வணக்கம் வைத்து, எந்தப் பாட்டு பிடித்தது என்று ஒரு வரி சொல்லுங்கள், அவருக்கு அது போதும். பிறகு ஜன்னல் ஓரத்தை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நகர்ந்து உட்காருங்கள். அன்றிரவே இன்னோர் ஊரில் அவருக்குத் தேதி இருக்கும், தூங்கட்டும்.